பட்டன் அக்காவும் யாரோ போட்ட கண்ணாடியும்

பட்டன் அக்கா தன் நிழலையே இரண்டு முறை திரும்பிப் பார்க்கிறவள். கோட்டு தைக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகப் பட்டன் தைக்கிறாள். மற்றதையெல்லாம் மிஷின் பார்த்துக்கொள்ளும். கோட்டுப் பட்டனுக்கு மட்டும் கை வேண்டும். தைத்த பிறகு அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். இரண்டு வருஷமாக அவளுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல். யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் இலவசக் கண்ணாடி முகாம். வெளிநாட்டில் யார் யாரோ போட்டுக் கழித்தவை, பவர் எழுதிப் பெட்டி பெட்டியாக வந்திருந்தன.

"இது யாரு போட்டது?"

"தெரியாதும்மா. யாரோ வேண்டாம்னு குடுத்தது" என்றார் கண்ணாடிக்காரர்.

"செத்தவங்களுதா?"

"இருக்கலாம். கண்ணாடி நல்லா இருக்கு."

"சும்மா எதுக்குக் குடுக்கறீங்க? பின்னாடி என்ன கேப்பீங்க?"

"ஒண்ணும் கேக்க மாட்டோம், போங்கம்மா."

அதுதான் அவளுக்கு இன்னும் இடித்தது. காதில் மாட்டும் முனையில் வேறு யாருடைய பல்லோ பதிந்திருந்தது. குமட்டியது. வீட்டில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

ஆனாலும் வாங்கினாளே, எதற்கு? எதிர் சீட்டு ஒல்லிக்காரியைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். சாப்பாட்டு மணி அடித்தால் அவள் மட்டும் பின்தங்குவாள். அக்கா வந்து பார்த்தால் தன் கோட்டு அடுக்கு கலைந்திருக்கும். நல்லதை எடுத்துக்கொண்டு, தான் கோணலாகத் தைத்ததை இங்கே தள்ளிவிடுகிறாள் என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள். சூப்பர்வைசர் காதிலும் போட்டாயிற்று. "ஆதாரம் காட்டு, அவளை அனுப்பிடறேன்" என்றார் அவர்.

திங்கட்கிழமை அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தாள். ஒல்லி சீட்டில் இல்லை. கண்ணாடியை மாட்டி, தன் அடுக்கின் மேலே இருந்த கோட்டைத் தூக்கினாள். நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. ஒல்லி இடக்கைக்காரி. மாட்டிக்கொண்டாள்!

அடுத்ததும் அப்படித்தான். ஆனால் பட்டனுக்கு அரை விரல் தள்ளிப் பழைய ஊசித் துளைகள் இருந்தன. அடியில் கிடந்த கோட்டில் சுற்று நேர்ப்பக்கம், அக்காவின் கை. பட்டன், சாக்பீஸ் குறியிலிருந்து அதே அரை விரல் தள்ளி இருந்தது.

"என்னம்மா, ஆதாரம் கெடைச்சுதா?" என்று சூப்பர்வைசர் வந்து நின்றார். பின்னால் ஒல்லி, கையில் நூல் வெட்டும் கத்தரியோடு, முகம் வெளுத்துப்போய்.

"கெடைச்சுது சார். கோணல் எல்லாம் நான் தைச்சது. நேரா இருக்கறது இவ பிரிச்சுத் தைச்சது. எனக்குக் கண்ணு தெரியல. அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

அவர் கோட்டையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "மிச்சத்தையெல்லாம் நீயே பிரிச்சுத் தை. சாயங்காலம் பாத்துட்டுச் சொல்றேன்" என்று போனார்.

அக்கா ஒல்லியின் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களாக்கா?"

நம்பியிருக்க மாட்டாள். என் வேலையைப் பறிக்கப் பார்க்கிறாள் என்று அன்றைக்கே சூப்பர்வைசரிடம் ஓடியிருப்பாள்.