லினக்ஸில் ஓடிய துறைமுகம்

எங்கள் வீட்டுக் கணினியில் லினக்ஸ் வந்ததற்கு நான் காரணமில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் என்னை ஏதோ சுதந்திர மென்பொருள் கொள்கைக்காரி என்று நினைத்துக்கொண்டார்கள். பாழாய்ப்போன கொள்கை எதுவும் எனக்கு அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. காளிகாட் பக்கம் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்கத்தாவில் ஊரே செய்ததுபோல நானும் நடைபாதையில் ஒரு விண்டோஸ் வட்டை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அப்பா விடவில்லை.

அப்பா தூத்துக்குடிக்காரர். மாற்றலில் வந்தவர், கிதிர்பூர் கப்பல்துறையிலேயே வேலைக்காலத்தைக் கழித்துவிட்டார். எந்தக் கப்பலை எந்த மேடையில் கட்டுவது, எந்தச் சரக்கை முதலில் இறக்குவது என்று முடிவு செய்கிற வேலை. வரிசையில் முந்துவதற்காக எத்தனையோ பேர் எதையெதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். துர்கா பூஜைக்கு வந்த சந்தேஷ் இனிப்புப் பெட்டி எங்கள் வாசலோடு திரும்பிப் போவதை நானும் அம்மாவும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குள் நடைபாதை வட்டு நுழையுமா? "களவுச் சாமான் இந்த வீட்டுக்குள்ள வரப்படாது, அம்புட்டுதான்" என்றார். விண்டோஸை நேர்மையாக வாங்க எங்களுக்கு வக்கில்லை. ஒரு பத்திரிகையோடு லினக்ஸ் வட்டு சும்மா வந்தது. அதைப் போட்டேன்.

அவர் ஓய்வு பெற்ற மறு வருஷம் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. பெஹாலாவிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் வருவார். அப்பாவை உறவு சொல்லி 'மேஷோமொஷாய்' என்று கூப்பிடுகிற சாதுவான மனிதர். விரல்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் கை திரும்பும் என்று சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். அப்பா அதை ஒரு நாள் பிசைந்தார். மறுநாள் இடது கையால் ஜன்னல் வழியே லேக் கார்டன்ஸ் தெருவில் விட்டெறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். துறைமுகத்தையே வரிசைப்படுத்திய மனிதனுக்குப் பந்தைக் கொடுத்தால் வேறென்ன செய்வான்?

அந்தச் சமயத்தில்தான் மென்பொருள் வேலைக்கு அமெரிக்கா போயிருந்த அத்தை மகன் விடுமுறையில் வந்தான். எங்கள் கணினியைப் பற்றி நான் புலம்பியது ஞாபகம் இருந்திருக்கும்போல, ஒரு விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தான். தீவுகளில் துறைமுகம் கட்டி, கப்பல்களை வரவழைத்து, வரிசையில் நிறுத்திச் சரக்கு இறக்குகிற விளையாட்டு. அட்டையில் லினக்ஸ் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அப்போது அது அதிசயம். விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டை, ஒரு சின்ன நிறுவனம் உரிமை வாங்கி லினக்ஸுக்கு மாற்றி விற்றது. அசல் வட்டு, அச்சிட்ட கையேடு, முத்திரை எல்லாம் இருந்தன. அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம மெசின் பேரு போட்டிருக்கு" என்று குழறினார்.

பிறகு நடந்ததை நான் மிகைப்படுத்தவில்லை. காலையில் காபி குடித்ததும் கணினி முன்னால் உட்காருவார். மவுஸைப் பிடிக்க வலது கையை இடது கையால் தூக்கி வைப்பார். முதலில் மணிக்கட்டு அசைந்தது, அப்புறம் விரல்கள். தப்பான மேடைக்குப் போகிற கப்பலைத் திட்டித் திட்டியே பேச்சும் திரும்பியது. நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிற கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்து, உங்கள் வீட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று கேட்டாள். அந்த ஒரே துறைமுகத்தை மாதக்கணக்கில் கட்டினார். பிசியோதெரபிஸ்ட் பந்தைப் பற்றிப் பேச்செடுப்பதையே விட்டுவிட்டார்.

அந்த விளையாட்டுக்கு ஒரு பூட்டு இருந்தது. எல்லாக் கோப்பும் கணினிக்குள் ஏறியிருந்தாலும், ஒவ்வொரு முறையும் அசல் வட்டு உள்ளே இருந்தால்தான் தொடங்கும். நாங்கள் வாங்கியவர்கள்தானா என்று தினமும் சோதிக்கிறார்களாம். காசு கொடுத்தவனைச் சந்தேகப்படுகிற சாமர்த்தியத்தை வியாபாரிகளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். வட்டு தேய்ந்தால் என்ன செய்வது, பயிற்சி மையத்தில் ஒரு நகல் எடுத்து வைக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். முகத்தைச் சுளித்தார்.

"நகல் எடுத்தா களவுல்லா?"

"நம்ம காசு குடுத்து வாங்குனதுதானப்பா. நமக்குத்தான எடுக்கோம்?"

"களவு களவுதாம்ளா" என்றார். பேச்சு முடிந்தது.

பூஜை வந்தது. ஊரே தெருவில் இருந்தது. நவமியன்று நாங்கள் எங்கள் வழக்கப்படி வீட்டில் சரஸ்வதிக்குப் புத்தகங்களை அடுக்கினோம். அப்பா ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீட்டில் ஆயுதம் என்று சொல்லத் தக்கது கணினி ஒன்றுதான். அதற்கு அம்மா மூன்று பட்டை திருநீறு போட்டாள். வட்டையும் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் புத்தகங்களின் மேல் மல்லாக்க வைத்து, கணினி படிக்கிற அந்தப் பளபளக்கிற பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அதுதான் முகம் என்று நினைத்திருக்கிறாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பூஜைக்கு வைத்ததை அன்று தொடக்கூடாது என்பதால் நானும் கிட்டே போகவில்லை. விஜயதசமி காலையில் காய்ந்த சந்தனத்தைக் கழுவினாள். கறை போகவில்லை. வெள்ளிக் குத்துவிளக்கை எதைப் போட்டுத் தேய்ப்பாளோ அதையே போட்டு, வட்டம் வட்டமாக, அழுத்தி, பொறுமையாகத் தேய்த்துவிட்டாள்.

"துன்னூறு போட்டுத் தேச்சா வெள்ளி பளிச்சுன்னு வரும்லா, அதான்" என்றாள் பிறகு.

வட்டு டிரைவுக்குள் சுற்றியது, முனகியது, நின்றது. திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. வட்டை உள்ளே போடவும் என்று ஆங்கிலத்தில் கேட்டது, கீழே ஓகே என்று ஒரு பொத்தான். மெல்லிய துணியால் துடைத்தேன். பற்பசை தேய்த்தால் சரியாகும் என்றார்கள், தேய்த்தேன். மையத்தில் இருந்த எல்லா டிரைவிலும் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் துறைமுகம் முழுசாக எங்கள் கணினிக்குள்ளேயே இருந்தது. ஒரு கப்பல்கூடக் குறையவில்லை. ஆனால் உள்ளே விடமாட்டேன் என்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான்.

அம்மா பூஜை அலமாரியின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அப்பா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எழுதிக் கேளு. அசல் வாங்குனவங்க நாம. மாத்தித் தருவாவ" என்றார். அவர் அப்படித்தான் உலகத்தை நம்பினார்.

கேட்டேன். லினக்ஸுக்கு மாற்றிய நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்தது. அது கடையை மூடிவிட்டுப் போயிருந்தது. வெளிநாட்டுக் கடைகளிலும் அந்தப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அத்தை மகன் எழுதினான். விளையாட்டை முதலில் செய்த பெரிய நிறுவனத்துக்கு எழுதினேன். விண்டோஸ் பதிப்பை மட்டுமே ஆதரிக்கிறோம் என்று பதில் வந்தது. பெட்டியில் உங்கள் முத்திரையும் இருக்கிறதே என்று மறுபடி எழுதினேன். உங்கள் இயங்குதளம் ஆதரிக்கப்படவில்லை என்றார்கள். என் அப்பா அந்தத் தளத்தில்தான் எழுந்து உட்கார்ந்தார், கை அசைத்தார், பேசினார் என்று கெஞ்சி எழுதினேன். அதற்கும் அதே வரியை அனுப்பிவிட்டு, எங்கள் சேவையில் திருப்தியா என்று கீழே கேட்டிருந்தார்கள்.

கடைசியில் நல்லெண்ணமாக ஒரு வட்டை அனுப்பினார்கள், விண்டோஸ் வட்டு. அப்பாவின் துறைமுகம் இருந்த கோப்பை எடுத்துக்கொண்டு போய் மையத்தில் போட்டுப் பார்த்தேன். அந்தப் பதிப்புக்கு இந்தக் கோப்பு புரியவில்லை. ஆளில்லாத ஒரு தீவைக் காட்டி, முதல் மேடையைக் கட்டச் சொன்னது.

லினக்ஸ்காரர்கள் மட்டும் என்ன யோக்கியம்? அவர்களுடைய மின்னஞ்சல் குழுவில் யாரிடமாவது இந்த வட்டு இருக்கிறதா என்று கேட்டேன். மூலநிரலைக் காட்டாத மூடிய மென்பொருளை வாங்கியதே உன் தப்பு, சுதந்திரமான விளையாட்டுகளை ஆடு என்று ஒருவன் பாடம் நடத்தினான். பனிக்கட்டியில் சறுக்குகிற பறவை விளையாட்டு ஒன்றையும் சிபாரிசு செய்தான். நகல் கேட்பது குழுவின் விதிக்கு விரோதம் என்று நிர்வாகி என் கேள்வியையே தூக்கிவிட்டார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான். விற்றவனுக்கும் நாங்கள் வேண்டாம், விற்காதவனுக்கும் நாங்கள் வேண்டாம். அசலை வாங்கி, நகல் எடுக்காமல், விதி தவறாமல் இருந்த ஒரு வீட்டுக்கு இவ்வளவு பேரும் சேர்ந்து கொடுத்த மரியாதை இது.

இதற்குள் குளிர்காலம் வந்துவிட்டது. அப்பாவின் விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கின. பிசியோதெரபிஸ்ட் பையிலிருந்து புதுப் பந்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அப்பா அதை எறியக்கூட இல்லை. பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் வேறு விளையாட்டுகளைக் காட்டினேன், திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவராகவே என்னைக் கூப்பிட்டார். அருகில் போய் உட்கார்ந்தேன். வார்த்தைகளைச் சேர்க்க வெகுநேரம் பிடித்தது.

"நடைபாதையில விக்காம்லா," என்றார், "அதக் கேட்டுப் பாரு."

எனக்குப் புரியவில்லை. அல்லது புரிந்தும் நம்பவில்லை. "களவு வட்டாப்பா?" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "களவாண்டாவது கொண்டா" என்றார்.

சந்தேஷ் பெட்டியைத் திருப்பி அனுப்பிய மனிதரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? அந்தக் கோபத்தோடுதான் பஸ் ஏறினேன். தர்மதலா நடைபாதையில் தார்ப்பாய் விரித்து வட்டுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். எங்கள் விளையாட்டு எல்லாத் தார்ப்பாயிலும் இருந்தது, எல்லாம் விண்டோஸ். அசல் வட்டே கேட்காதபடி பூட்டை உடைத்துவைத்த பதிப்பு. திருடியவர்கள் வருஷக்கணக்கில் நிம்மதியாக விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். லினக்ஸுக்கு வேண்டும் என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடி போட்ட நடுவயது வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லினக்ஸ்? ஓட்டா கே கேல்பே, திதி?" அதை யார் விளையாடுவார்கள் அக்கா என்றுதான் கேட்டார். கேலிகூட இல்லை, நிஜமான சந்தேகம். அடுத்த கடைக்காரர் ரொம்ப உதவியாக, உள்ளேயிருந்து ஒரு லினக்ஸ் வட்டையே எடுத்து நீட்டினார். ஊருக்கே சும்மா கிடைப்பதை விலை சொல்லி விற்றார். சிரிக்க முடியவில்லை. அந்த நடைபாதையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கேட்டுவிட்டேன். எங்களுக்காகத் திருடுவதற்குக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

வீடு திரும்பியபோது அப்பா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்குச் சலவைச் சட்டை போட்டு, தலை வாரிவிட்டிருந்தாள். வேலைக்குப் போகிற நாட்களில் அப்படித்தான் இருப்பார்.

"கெடச்சுதா?"

"இல்லப்பா. நம்ம மெசினுக்கு யாருமே களவாங்கலயாம்."

"ஒழுங்காக் கேட்டியா?" என்றார்.

எல்லாரிடமும் கேட்டேன் என்று சொன்னேன். அவர் வலது கையை இடது கையால் தூக்கி மவுஸின்மேல் வைத்தார். மடங்கிய விரலை நிமிர்த்தி, விளையாட்டைத் தொடங்கினார். வட்டை உள்ளே போடச் சொல்லி அந்தப் பெட்டி வந்தது. ஓகே அழுத்தினார். பெட்டி மறைந்து, திரும்ப வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி வந்தது. பார்க்க முடியாமல் கணினியை அணைக்கப் போனேன். இடது கையால் என் கையைத் தட்டிவிட்டார்.

"விடுளா," என்றார், "அம்புட்டுக் கப்பலும் உள்ள நிக்கி."