உபதேசியாரின் லேஞ்சி

இடது உள்ளங்கையில் பொடியைக் கொட்டி, இரண்டு விரலால் அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. பிறகு அடுக்கடுக்காகத் தும்மல். அது அடங்கியதும் மாசிலாமணி உபதேசியார் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை உருவி மூக்கைத் துடைப்பார். ஒரு காலத்தில் வெள்ளைத் துணிதான். இப்போது தேயிலைச் சாயம் போலாகிவிட்டது. "பரலோகத்துல பொடி கெடைக்குமாங்க?" என்று கங்காணி சீண்டினால், "அங்க சளியே புடிக்காதுங்க" என்பார் சட்டென்று.

லிந்துலைப் பக்கம், துரை உள்ளே வர அனுமதித்த தேயிலைத் தோட்டங்களில், கூலிச்சனங்களின் வரிசை வீடுகளான லயம் லயமாக வேதம் சொல்லித் திரிவது அவர் வேலை. கேட்கிறவர்கள் பெரும்பாலும் மாரியம்மனைக் கும்பிடுகிற சனங்கள். இருந்தாலென்ன, கதை யாருக்குக் கசக்கும்? ஆடு மேய்த்த கோல் கடலைப் பிளந்தது. எச்சில் குழைத்த மண் குருடனுக்குக் கண் கொடுத்தது. பவுலின் மேனி பட்ட உறுமால், வெறும் கைத்துணி, நோயாளிகளை எழுப்பியது. "பொன்னு வேணாம், பட்டு வேணாம். கையில ஆப்பிடுறது போதும் ஆண்டவருக்கு" என்று அவர் முடிக்கும்போது கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்கும்.

போன ஆடி மழையில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் சோலைமலையின் பெண்சாதி வீரம்மா அவரைக் கூப்பிட்டுவிட்டாள். கைப்பிள்ளைக்கு அனலாய்க் காய்ச்சல். ஆசுபத்திரி மருந்து வயிற்றில் தங்கவில்லை. உபதேசியார் முழங்கால் போட்டு உருகி ஜெபித்தார். எழுந்ததும் அவள் கையேந்தினாள்.

"ஐயா, ஒங்க லேஞ்சியக் குடுங்க. புள்ள மேல போடுறேன். துணியில கூட சாமி எறங்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

பைக்குள் போன கை அங்கேயே நின்றுவிட்டது. பொடியும் சளியும் காய்ந்த துணி! அதையா நாலு பேர் முன்னால் எடுத்து நீட்டுவது? "தொவச்சுக் கொண்டாறேம்மா. காலையில மொத வேலை அதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

துவைத்தார். அந்த மழையில் எந்தத் துணி காயும்? அடுப்புக்கு மேலே கட்டினார்; புகை நாறியது. விடிந்ததும் மறுபடி துவைத்தார். ஒருவழியாகக் காயவைத்து, இஸ்திரி போட்டு, நாலாய் மடித்து எடுத்துக்கொண்டு அவர் லயத்துக்கு ஏறும்போது பொழுது சாய்ந்திருந்தது. எதிரே சோலைமலை மண்வெட்டியோடு இறங்கி வந்தான். "பொதச்சிட்டு வாறோமுங்க" என்றான்.

அந்தத் துணியைப் போட்டிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா? அது யாருக்குத் தெரியும்! உபதேசியாரை அரிப்பது அதுவல்ல. கேட்டவள் நம்பினாள், சொன்னவர் நம்பவில்லை. "பாவி, என் மானம் எனக்குப் பெருசாப் போச்சே" என்று வீட்டில் சோற்றின் முன் உட்கார்ந்து புலம்புகிறார். சோறு ஆறிப்போகிறது.

வீரம்மா ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் இன்னும் கொடுமை. இப்போதும் கதை கேட்க வருகிறாள், கடைசியில் உட்கார்ந்துகொள்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்தபோது, அவளுடைய மூத்த பெண் குழந்தை வழுக்கி லயத்துச் சாக்கடைக் கானில் விழுந்தாள். உடம்பெல்லாம் சேறு. உபதேசியார் பதறி ஓடிக் குனிந்து கையை நீட்டினார்.

"வேணாங்க ஐயா." வீரம்மாவின் குரலில் கோபமே இல்லை, மரியாதைதான் இருந்தது. "ஒங்க கை அழுக்காயிரும்."

பிள்ளையைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவள் தன் வீட்டுக் காம்பராக் கதவைச் சாத்திய பிறகும் உபதேசியார் குனிந்தபடியே நின்றார், நீட்டிய கையை மடக்காமல்.