புது போர்டு மாட்டிய கிளப்

எனக்குக் கால்பந்து பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. இருபத்திரண்டு ஆம்பளைகள் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, பாதி நாள் ஒரு கோல்கூடப் போடாமல் கைகுலுக்கிப் பிரிகிற ஆட்டம் அது. ஆனாலும் இத்தாலியில் நான் கால் வைத்திராத ஒரு சின்ன ஊரின் கிளப்புக்கு ஏழு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன். அதன் பெயரை எழுத மாட்டேன். அந்தப் பெயரில் இப்போது எதுவும் கிடையாது.

நாங்கள் குடியேறிய ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு கடை வரிசை. அதன் மாடியில் நடனப் பள்ளி ஒன்றின் அறையை ஞாயிறு காலைகளில் வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் பள்ளி நடத்தினோம். வகுப்பு பத்தரைக்கு. சாவி என்னிடம் இருந்தது. மற்றவர்களை நம்பினால் நாற்காலி வராது, அதனால் ஒன்பதுக்கே போய்விடுவேன். கணவருக்கு டெக்சாஸில் காண்ட்ராக்ட் வேலை, மாதத்தில் இரண்டு வாரக்கடைசிதான் வீட்டில் இருப்பார். நான் போகிற இடத்துக்கெல்லாம் மகளும் வந்தாக வேண்டும். அவளுக்கு அப்போது பதினொரு வயது.

ஒருநாள் மாடியில் பாத்ரூம் பூட்டியிருந்தது. கீழே பீட்சா கடையில் கேட்டுப் போகச் சொன்னேன். கடை திறப்பது பதினொன்றுக்குத்தான், ஆனால் கடைக்காரர் காலையிலேயே வந்து மாவு பிசைந்துகொண்டிருப்பார். போனவள் அரை மணி நேரமாகியும் வரவில்லை. திட்டிக்கொண்டே இறங்கினேன். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து சுவரிலிருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, பாத்ரூம் போக இவ்வளவு நேரமா?"

"ஷ்... அம்மா, பெனால்டி!"

கடைக்காரர் இரண்டு கையிலும் மாவோடு சாமி கும்பிடுகிற மாதிரி நின்றார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அவர் மாவைத் தூக்கி மேஜையில் அடித்தார். என் மகளும் மேஜையை அடித்தாள். அன்றிலிருந்து ஆரம்பம்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். இருபது வயதில் இத்தாலியின் அந்தச் சின்ன ஊரிலிருந்து வந்தவர். அடுப்புக்கு மேலே காப்பிக் கலரும் வெள்ளையுமாகக் கிளப்பின் கழுத்துத் துண்டு ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார். ஊர் முழுக்கப் பின்னல் மில்கள் என்றார். ஸ்வெட்டர், உள்ளாடை, சாக்ஸ். பெரிய மில் முதலாளிதான் கிளப்புக்கும் முதலாளி. எனக்குச் சிரிப்பு வந்தது. நான் திருப்பூர்க்காரி. பனியன் கம்பெனி முதலாளிகளைப் பார்த்தே வளர்ந்தவள். ஆர்டர் வந்தால் கோயிலுக்குக் கோபுரம் கட்டுவார்கள். ஆர்டர் நின்றால் அவர்கள் வீட்டு போனைக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள்.

"இந்த ஆளை நம்பாதே" என்று அன்றைக்கே கடைக்காரரிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் எனக்கு ஒரு காபி கொடுத்தார்.

அப்போது கிளப் மூன்றாம் டிவிஷனில் இருந்தது. அங்கே முறை எளிது. முன்னால் முடிப்பவர்கள் மேல் டிவிஷனுக்குப் போவார்கள், கடைசியில் முடிப்பவர்கள் கீழே இறங்குவார்கள். இரண்டாம் வருஷம் எங்கள் கிளப் மேலே போனது. முதலாளி அர்ஜென்டினாவிலிருந்து ஒரு குள்ள ஆட்டக்காரனை வாங்கிவந்தார். மைதானத்தில் ஒரு பக்கம் புதிதாக கேலரி கட்டினார். மகள் அந்தக் குள்ளனின் பெயரைப் பள்ளிக்கூடப் பையில் எழுதிக்கொண்டாள்.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மகளுக்குத் தமிழ் புரியும். ஆனால் பேசும்போது 'நாம'வும் 'நாங்க'வும் அவளுக்கு ஒன்றுதான், எல்லாவற்றுக்கும் 'நாம'. ஒருநாள் ஒரு ஆன்ட்டி வீட்டில், "ஆன்ட்டி, நாம நேத்து பீச்சுக்குப் போனோம்" என்றாள்.

"நான் எங்கடி வந்தேன்? என்னைய விட்டுட்டுதானே போனீங்க!" என்றாள் அந்த ஆன்ட்டி. எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்ப் பள்ளிக்குச் சாவி வைத்திருப்பவளின் மகள் இப்படிப் பேசுகிறாளே என்று எனக்கு அவமானம். காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"கேக்கறவங்களையும் சேத்துச் சொன்னா நாம. சேக்கலேன்னா நாங்க. இதுகூடத் தெரியாதா அம்மணி?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு இங்கிலீஷில் கேட்டாள். ஆளை வெளியே நிறுத்துவதற்கென்று உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தையா? ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

பீட்சா கடையில் மட்டும் அவள் சொன்னது எப்போதும் சரியாக இருந்தது. "அம்மா, நாம ஜெயிச்சுட்டோம்." கேட்கிற நானும் அதில் உண்டு.

அவளுடைய பதினைந்தாம் வயதில் கிளப் முதல் டிவிஷனுக்குப் போனது. கடைசி ஆட்டம் ஜூன் மாதம், இங்கே மத்தியான நேரம். வீட்டில் பார்த்தோம். அந்த வயதில் அவள் என்னோடு பேசுவதே அபூர்வம். கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பிடக் கூப்பிட்டால் "லேட்டர்" என்பாள். நான் தொட்டால் தோளை உதறுவாள். அன்று கடைசி நிமிஷத்தில் அந்தக் குள்ளன் தலையால் முட்டிக் கோல் போட்டான். அத்தனை உயரமான ஆட்களுக்கு நடுவில் எப்படிப் போட்டான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சோபாவிலிருந்து எகிறி என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் முகம் என் கழுத்தில் இருந்தது, அழுதுகொண்டிருந்தாள். கணவர் டெக்சாஸிலிருந்து போன் செய்தார். "ரெண்டு பேரும் இத்தாலிக்கே போயிடுங்க, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றார். போனை ஸ்பீக்கரில் போட்டு இருவரும் கத்தினோம்.

அவ்வளவுதான் உச்சம். முதல் டிவிஷனில் ஒரே வருஷம். ஒரு பெரிய கிளப்பை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம், மற்ற எல்லாரிடமும் உதை வாங்கினோம். கீழே இறங்கினோம். அடுத்து மில் படுத்துவிட்டது. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் போகவில்லை என்று போட்டி நடத்துகிறவர்கள் புள்ளிகளைக் கழித்தார்கள். குள்ளன் போய்விட்டான். அவளுக்குப் பதினெட்டு வயதான ஜூலையில் முதலாளியால் பணம் கட்டி அடுத்த சீசனுக்குக் கிளப்பைப் பதிவு செய்ய முடியவில்லை. எந்த டிவிஷனிலும் இடமில்லை. கிளப் இருந்தது, மறுநாள் இல்லை. கடைக்காரர் துண்டை ஆணியிலிருந்து எடுத்து மடித்து, மாவு மூட்டைக்கு மேல் வைத்ததைப் பார்த்தேன். அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

ஆகஸ்டில் அந்த ஊரில் ஒரு புதுக் கிளப் முளைத்தது. நான்காம் டிவிஷன். புதுப் பெயர், புது முத்திரை, அதே மைதானம், அதே காப்பி வெள்ளை. கடைக்காரர் துண்டை மறுபடியும் மாட்டினார். அவர் உலகத்திலேயே எளிதாகச் சமாதானமாகிற ஆள்.

நான் ஆக மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

என் அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இருபத்தியொரு வருஷம். ஒரு திங்கட்கிழமை காலை போனால் கேட்டில் பூட்டு. மூன்று மாதம் கழித்து அதே கட்டடத்தில், அதே மெஷின்களோடு, முதலாளியின் மருமகன் பெயரில் புது போர்டு மாட்டினார்கள். பழைய ஆட்கள் எல்லோரும் புது ஆட்களாகச் சேர வேண்டும், பழைய சர்வீஸ் கணக்கில் வராது. அப்பா போய் வரிசையில் நின்றார். அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். "திரும்பக் கூப்பிட்டாங்களே, அதே பெருசு கண்ணு" என்றார். எனக்கு அப்போது பதினாறு வயது. அந்த இஸ்திரிச் சட்டையை நான் மன்னிக்கவே இல்லை.

புதுக் கிளப்பின் முதல் ஆட்டத்தைப் பீட்சா கடையில் பார்க்க மகள் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் வண்டியை எடுக்கவில்லை.

"செத்துப்போனது செத்துப்போனதுதான். அது வேற கிளப்."

"சேம் பீப்பிள், அம்மா. சேம் கிரவுண்ட். நாமதானே."

"நாம இல்ல. ஏமாத்தறதுக்குப் புது போர்டு மாட்டியிருக்கான்."

"ஓனர் இல்லம்மா இதுல. ஊர்க்காரங்க கலெக்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ணாங்க. மில்லுல வேலை செஞ்ச லேடீஸ்கூட மணி போட்டிருக்காங்க."

நான் காதில் வாங்கவில்லை. அவள் சொன்னது உண்மை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"யார் போட்டா என்ன? போர்டு மாத்தின எடத்துல போய் வெக்கமில்லாம நிக்கறதா?"

அவளுக்கு என் அப்பாவின் கதை தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். தாத்தா அவளுக்கு உயிர். வாராவாரம் வீடியோவில் அவரிடம் கிளப் ஸ்கோர் சொல்வாள். அவரும் "ஜெயிச்சோமா சாமி?" என்று கேட்பார்.

"அப்ப தாத்தா வெக்கமில்லாதவரா?" என்றாள்.

நிறுத்தியிருக்கலாம். "அது வேற" என்றாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமா" என்றேன்.

காரை விட்டு இறங்கினாள். கதவை அறையவில்லை, மெதுவாகச் சாத்தினாள். அறைந்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், சாயங்காலத்துக்குள் சரியாகியிருக்கும்.

அதற்குப் பிறகு அவள் காலேஜிலிருந்து வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பதுக்கு அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே லேப்டாப்பில் இத்தாலிக்காரன் ஒருவன் கத்திக்கொண்டிருப்பான். நான் வெளியே துணி மடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு ஞாயிறு உள்ளே மேஜையை அடிக்கிற சத்தம் கேட்டது. கோலா, கம்பத்தில் பட்டதா, தெரியவில்லை. கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு, கையிலிருந்த டவலை மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தேன். நான்கு வருஷம் இப்படித்தான். நடுவில் என் அப்பா போய்விட்டார். திருப்பூருக்குச் சேர்ந்துதான் போனோம். விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவள் ஒரு தடவைகூட அந்த "ஆமா"வை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் அதைத் திரும்ப வாங்கியிருப்பேன். நானாக ஆரம்பிக்க எனக்குத் தெரியவில்லை. எந்த விஷயத்தையும் சண்டை போட்டுத்தான் எனக்கு ஆரம்பிக்கத் தெரியும்.

இப்போது அவள் சான்டா கிளாராவில் வேலையில் இருக்கிறாள், எங்களைவிட மூன்று மணி நேரம் பின்னால். அங்கே அந்த இத்தாலி ஊர் ஆட்கள் ஏழெட்டுப் பேர் காலை ஆறு மணிக்கு ஒருவர் வீட்டில் கூடி ஆட்டம் பார்க்கிறார்களாம். இவளும் போகிறாள். கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு ஞாயிறு போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல், யாரோ பாத்திரத்தைத் தட்டுகிறார்கள்.

"அம்மா! தேர்ட் டிவிஷன்! நாங்க ஜெயிச்சுட்டோம்மா!"

நாங்க.

பதினொரு வயதிலிருந்து நான் திருத்தித் திருத்தி, ஒரு நாளும் வாயில் வராத வார்த்தை. தப்பே இல்லை. ஜெயித்த இடத்தில் நான் இல்லை. இலக்கணப்படி அவள் சொன்னது சரி.

நான் அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தேன். அது அவளுக்குத் தெரியாது. ஒன்பதிலிருந்து ஹாலில் சத்தத்தை அணைத்து வைத்துக்கொண்டு நின்றபடியே பார்த்தேன். இரண்டாவது கோலுக்குச் சோபா கையை ஓங்கி அடித்தேன், வலது கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நானும் பார்த்தேன் என்று சொன்னால் போதும். அவளே திருத்திக்கொண்டிருப்பாள். நாம என்று சொல்லியிருப்பாள்.

"சாப்டியா?" என்று கேட்டேன்.

"இங்க காலைல எட்டு மணிம்மா" என்றாள்.

"சரி. ஏதாவது சாப்பிடு."

"ம்."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டாள். டிவியில் அந்தப் பையன்கள் இன்னும் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் என் வயதுப் பொம்பளைகள் காப்பி வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதார்கள். மில்லில் வேலை செய்தவர்களாக இருக்கும். முடிகிறவரை பார்த்துவிட்டு அணைத்தேன்.