இடதுகை முடிச்சு

எங்கள் கூமாப்பட்டியில் வானம்பாடியைத் தரைக்குருவி என்போம். அதற்கு மரம் ஆகாது. மலையடிவாரத்துப் புல்தரையில், மாட்டுக் குளம்படி அளவு பள்ளத்தில், ஓரமாகப் பொடிக்கல் வைத்து முட்டையிடும். பாட்டு மட்டும் வானத்தில். புல்லறுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூடு கண்ணில் பட்டால், பக்கத்துப் புல்லை நாலு பிடி சேர்த்து நுனியில் முடிச்சுப் போட்டுவிட வேண்டும். அடுத்து வருகிறவளின் அரிவாள் அந்த இடத்தை விட்டுவிடும்.

என் வீட்டுக்காரரும் என்னோடு புல்லறுக்க வருவார். அவர் இடதுகைக்காரர். எல்லார் முடிச்சும் வலப்பக்கம் திரும்பினால் அவர் முடிச்சு இடப்பக்கம் திரும்பும். "இது என்ன கிறுக்கு முடிச்சு?" என்று கேலி செய்வேன். "எம் முடிச்சு உனக்கு மட்டுமாவது தெரியணும்லா" என்பார். பேச்சுக்குக் குறைச்சலே இல்லை.

ராஜபாளையத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது போனவர்தான். பர்மாப் பக்கம் இருப்பதாக இரண்டு கடிதம் வந்தது. பிறகு சர்க்கார் கடிதம், இங்கிலீஷில். எங்கள் வேதக்கோயில் உபதேசியார் வாசித்துவிட்டு, "ஆளைக் காணோம்னு போட்டிருக்கும்மா" என்றார்.

காணோமாம்! காணாமல் போக அவர் என்ன ஆட்டுக்குட்டியா? செத்துப்போனார் என்று எழுதியிருந்தால் அழுதிருப்பேன். இந்த வார்த்தைக்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை. உடம்பெல்லாம் மரத்துப்போனது. சோறு வடித்தேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜட்கா வண்டிக்காரர்களுக்குப் புல்கட்டு அனுப்பினேன். சூடான பானையைத் தொட்டாலும் கை தாமதமாகத்தான் விலகியது.

ஒரு வருஷம் கழிந்ததும் என் மாமியார் பேச்சை எடுத்தார். "ஏட்டி, எம்புட்டு நாளைக்கு அவனுக்குச் சோறு எடுத்து வைக்க? உபதேசியாரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணிருவோம். கழுத்துல கெடக்கதக் கழத்திரு."

"எலும்பைக் கொண்டாந்து காட்டட்டும் அத்தை, கழத்துதேன்" என்றேன். பெற்ற மனம் பித்து என்பார்கள். இந்தப் பொம்பளைக்குப் பெற்ற மனமே கல் என்று நினைத்தேன். அன்றிலிருந்து வேலைப் பேச்சைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

அந்த மாசியில் புல்தரையில் ஒரு முடிச்சைப் பார்த்தேன். இடப்பக்கம் திரும்பிய முடிச்சு. குனிந்து விரலால் தடவினேன். அதேதான். நாலு நாள் கழித்து ஓடைக்கரை ஓரம் இன்னொன்று.

பட்டாளத்திலிருந்து ஓடிவந்தவர்களைப் போலீஸ் தேடிய காலம் அது. வந்துவிட்டார், மலைக்குள் ஒளிந்திருக்கிறார், எனக்குத் தெரியப்படுத்துகிறார் என்று முடிவு கட்டினேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. முடிச்சுக்குப் பக்கத்தில் கேப்பைக் களியை இலையில் மடித்து வைத்துவிட்டு வருவேன். மறுநாள் இலை காலியாகக் கிடக்கும். நரி தின்றதா, காக்கை தின்றதா என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. அந்த ஒரு மாதம் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒருநாள் மத்தியானம், அவரைப் பார்த்தே தீருவது என்று புதர் மறைவில் உட்கார்ந்தேன். குருவி பாடிக்கொண்டே மேலே போய், சிறகை மடக்கிக்கொண்டு கல் மாதிரி கீழே வந்தது. அந்தப் பக்கமாக வந்தது என் மாமியார். கூட்டைப் பார்த்துக் குந்தினார். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, இடதுகையை முன்னே விட்டுப் புல்லைச் சுற்றினார். சரியாக வரவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி முடிந்தார்.

நான் எழுந்ததும் திடுக்கிட்டுப் போனார். பிடித்த புல்லை விடாமலே சொன்னார். "அவன் கை எப்படிப் போவும்னு மறந்துரும் போல இருக்குட்டி. அதான் கட்டிக் கட்டிப் பாக்கேன். நீ சொல்லு, அவன் கட்டுத மாதிரி இருக்கா?"

என் ஒரு மாதமும் அந்தப் புல்லில் கிடந்தது. களி வைத்த கதையை நான் சொல்லவில்லை. "அப்படியே இருக்கு அத்தை" என்றேன்.

அவர் வாய்விட்டு அழுதார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. முடிச்சை விட்டுவிட்டுச் சுற்றியிருந்த புல்லை அறுத்துக் கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரை வரச் சொன்னது நான்தான். ஜெபம் முடிந்ததும் அத்தை என் பின்னால் வந்து நின்று தாலிக்கயிற்றைத் தடவினார். கலியாணத்தன்று என் வீட்டுக்காரர் போட்ட முடிச்சு அது, இடப்பக்கம் திரும்பியது. அத்தை அதை அவிழ்க்கவில்லை. முடிச்சை விட்டுவிட்டு, பக்கத்தில் அறுத்தார்.