பிரேமலாவின் மின்வண்டியும் அண்ணனின் வலது கையும்

ஒரே வண்டி, ஒரே பேட்டரி. தங்கை ஓட்டினால் மாசாய் ஊரிலிருந்து உலு திராம் வரை போய்த் திரும்புகிறது. அண்ணன் ஓட்டினால் பாதி வழியில் படுத்துக்கொள்கிறது. ஏன்? அன்று கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. பிரேமலாவுக்கே தெரியவில்லை.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் மோட்டார்களைப் பழுதுபார்ப்பவள் அவள். சிரிக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். அண்ணன் காளிதாஸின் பழைய மோட்டார் சைக்கிளில் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரைப் பொருத்தியவளும் அவளே. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கைப்பேசி வழியே திருத்தித் திருத்தி, சமதரையில் குறைவாகவும் மேட்டில் கூடுதலாகவும் போகும்படி அமைத்திருந்தாள். வீணாகும் மின்சாரம் சூடாகத்தான் வெளியே வரும். அவள் ஓட்டினால் மோட்டார் அவ்வளவாகச் சூடாவதில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் ஓட்டுறேன். உலு திராம் போயி வீடு திரும்பலன்னா பழைய எஞ்சினையே மாட்டிருவேன்," என்று காளிதாஸ் சொல்லிவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரேமலா பின்னால் ஏறிக்கொண்டாள். முதல் சிவப்பு விளக்கில் வண்டி நின்றது, ஆனால் மோட்டார் முனகிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தாள். அண்ணனின் கால் பிரேக்கை அமுக்கியிருந்தது. வலது கையோ கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நிக்கிற வண்டிய ஏன் முறுக்குறீங்க?"

"விட்டா எஞ்சின் நின்னுரும்லா!"

"எந்த எஞ்சின்?"

காளிதாஸ் குனிந்து பார்த்தான். "அலமாக், எஞ்சினே இல்லையே!"

பச்சை விழுந்தது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. சிரிப்பில் இருவராலும் நகர முடியவில்லை. அந்தப் பழைய எஞ்சினை அணையவிடாமல் பல வருடம் முறுக்கிப் பழகிய கை அது. சக்கரம் சுழலாதபோது மோட்டாருக்குப் போன மின்சாரமெல்லாம் வெறும் சூடாகிக்கொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்தி, கைப்பேசியை எடுத்தாள் பிரேமலா. பிரேக் பிடித்தால் மோட்டாருக்கு மின்சாரம் கிடையாது என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டாள்.

"இனி உங்க கைக்கு முழு சுதந்திரம், அண்ணே!"

அதன்பிறகும் ஒவ்வொரு விளக்கிலும் அவன் முறுக்கத்தான் செய்தான். மோட்டார் கண்டுகொள்ளவே இல்லை. திரும்பும் வழியில், மாசாயை எட்டியபோது பேட்டரியின் கடைசிக் கோடு கண்சிமிட்டியது. எடை குறையட்டும் என்று பிரேமலா மூச்சை அடக்கி வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டாள்.

அடுக்குமாடியின் கீழே வண்டி வந்து நின்றது. காளிதாஸ் இடது கையால் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான்.

"மலா, வெதுவெதுன்னுதான் இருக்கு! பழைய எஞ்சின இரும்புக் கடையில போட்டுரலாம்."

"போடலாம். மொதல்ல முறுக்குற கைய எடுங்க அண்ணே, வீடு வந்துருச்சு!"

உங்கள் தெருவிலும் மின்வண்டியைப் பிரேக்கோடு முறுக்குபவர் ஒருவர் இருப்பார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சிரித்து முடித்ததும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.