மடியில் விரித்த சட்டை

என் தம்பிக்குக் காது குத்தியபோது உட்காரத் தாய்மாமன் மடி இல்லை. அம்மாவின் ஒரே தம்பியான முகத்துவாரக்குப்பத்து மாமா, கடைவாய்ப் பல் பிடுங்கிய மூன்றாம் நாள் இரத்தம் நிற்காமலே இறந்துபோனார். அப்போது நான் பிறக்கவில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டதாகக் குப்பமே நம்பியது. மாமா இல்லாத குறைக்கு, காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாமாவின் நீலக் கட்டம் போட்ட சட்டையை அப்பாவின் மடியில் விரித்து, அதன்மேல் தம்பியை உட்கார வைத்தார்கள். சட்டைக்கு வெற்றிலை பாக்கு வைத்து மரியாதையும் நடந்தது. உயிரோடு இருக்கும் மாமாக்களுக்குக்கூட இவ்வளவு நடப்பதில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. ஒரே விருந்தில் முடியட்டும் என்று என் காதையும் அன்றைக்கே குத்தினார்கள். நான் அழவில்லை. அந்தப் பெருமையில் இரண்டு முறை பிரியாணி கேட்டு வாங்கித் தின்றேன்.

தம்பியின் காதில் இரத்தம் முதலில் நின்றதுபோலத்தான் இருந்தது. சாயங்காலம் மறுபடி கசிந்தது. மஞ்சள் வைத்தார்கள், காப்பித்தூள் வைத்தார்கள். விடிந்தும் நிற்கவில்லை. அம்மா மாமாவின் சட்டையாலேயே துடைத்துக்கொண்டிருந்தாள், நீலம் கறுத்துப்போனது. அப்பாவின் அக்கா, என் அத்தை, அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமங்காரன் புள்ளைய இஸ்துகினு போவ வந்துகிறான். மொதல்ல அந்தச் சட்டைய கொளுத்து."

கொளுத்தினார்கள். தன் தம்பியின் பொருள் என்று அம்மாவிடம் இருந்தது அது ஒன்றுதான். அது எரிந்து முடியும்வரை காத்திருந்து பார்த்தார்கள். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அம்மாவின் கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இப்படி ஆனதுண்டா என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா பல் பிடுங்கிய கதையைச் சொன்னாள். டாக்டரம்மா ஒரு தாளில் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமும் போட்டு, கோடிழுத்து விளக்கினார். இரத்தத்தை உறையவைக்கும் ஒரு சத்து பிறவியிலேயே குறைவாம். தாய் வழியாக வருமாம். பெண்களுக்குப் பெரும்பாலும் வெளியே தெரியாதாம், ஆனால் அவர்கள் வழியாகப் பிள்ளைகளுக்குப் போகக்கூடுமாம். இவ்வளவையும் கேட்ட அத்தை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். "இது உன் வூட்டு ரத்தம்" என்று அம்மாவிடம் சொன்னாள். சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊசி மருந்து ஏறி, தம்பிக்கு இரத்தம் நின்றது. வார்டுக்கு வெளியே பெஞ்சில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், நல்ல பிள்ளையாக, கேட்டதை அப்படியே ஒப்பித்தேன்.

"உன்னாலதான் தம்பிக்கு ரத்தம் நிக்கலையாமே. அத்த சொல்லுது."

அம்மா என் முகத்தைத் திருப்பி, காதுமடலைப் பிடித்து, ஓட்டையை வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு அப்பவே நின்னுபோச்சும்மா," என்றேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

தம்பி பிழைத்தான். முட்டிக்குள் இரத்தம் கட்டிக் கட்டி, இப்போது ஒரு காலைச் சாய்த்து நடக்கிறான். என் மகனுக்கு நாலு வயது. நாங்கள் அவனுக்குக் காது குத்தவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை ஊசிதான். அப்போதெல்லாம் தம்பிதான் எண்ணூரிலிருந்து வந்து அவனை மடியில் வைத்துக்கொள்கிறான். இவனுக்காவது தாய்மாமன் மடி இருக்கிறது.

அன்று பெஞ்சில் அம்மா தம்பிக்காக அழுகிறாள் என்றே நினைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது என் காதை.