ஆர்ட்டிஸ்ட் வைகுண்டராஜின் யானை

வைகுண்டராஜ் தன்னை ஆர்ட்டிஸ்ட் என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொள்வதற்கு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. தேனி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து, காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு, மேற்கே தெரியும் மலையைக் கண் சுருக்கிப் பார்ப்பான். ஏதோ வரையப்போகிறான் என்று நாலு பேர் நினைத்துக்கொள்வார்கள். நான் அவன் மனைவி பூமாரிக்கு அக்கா. அவர்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனைப் பார்க்கிறேன். அந்தப் பென்சிலின் கூர் மழுங்கி ஒரு நாளும் பார்த்ததில்லை.

அவனுக்கு வரைய வராது. ஒரு வட்டம் போடச் சொன்னால் டம்ளரைத் தேடுவான். அவன் செய்த வேலை சுவரில் பூ அடிப்பது. தகடு போன்ற ஒன்றில் பூவையோ கிளியையோ வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையைச் சுவரில் வைத்து, வண்ணத்தில் தோய்த்த துணிப்பந்தால் ஒற்றினால் உருவம் சுவரில் விழும். ஸ்டென்சில் என்பார்கள், அச்சு என்றும் சொல்வார்கள். எழுபதுகளில் எங்கள் பக்கத்து வசதியான வீடுகளில் சுண்ணாம்புக்குப் பதில் டிஸ்டெம்பர் வண்ணம் அடிக்கிற மோகம் வந்தபோது இதுவும் கூடவே வந்தது. கூடத்துக்கு இடுப்பு உயரத்தில் பூ வரிசை, குழந்தைகள் படுக்கிற அறைக்குக் கிளி, முயல், மான். தொழிலை நான் குறை சொல்லவில்லை. சுத்தமாகச் செய்கிறவர்கள் கம்பத்தில் இருந்தார்கள். அவர்கள் யாரும் டீக்கடையில் உட்கார்ந்து மலையைப் பார்த்ததில்லை.

இவன் அடித்த கிளிதான் கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும். அதே கிளி, அதே கொய்யாப்பழம். ஒவ்வொரு வீட்டிலும் "இது ஒங்களுக்குன்னே வரைஞ்சது" என்று சொல்லிவிட்டு வருவான். மூலையில் சாய்வாக, வால் நீட்டி, "ஆர்ட்டிஸ்ட் வைகுண்டராஜ்" என்று ஒரு கையெழுத்து இருக்கும். அதுவும் அச்சுதான்.

அல்லிநகரத்தில் நான் டீச்சராக இருக்கும் பால்வாடியிலும் வந்து முயல் அடித்துக் கொடுத்தான். அச்சைத் திருப்பி வைத்தால் முயல் மறுபக்கம் பார்க்கும். ஆனால் திருப்புவதற்கு முன்னால் அதைத் துடைக்க வேண்டும். துடைக்கவில்லை. இடப்பக்கம் பார்த்த முயல்களுக்கெல்லாம் சொறி பிடித்ததுபோல் உடம்பு முழுக்கத் திட்டு. கேட்டதற்கு, "மதினி, அது முயலு குதிக்கிற எஃபெக்ட்டு" என்றான்.

அச்சு வெட்ட அவன் பயன்படுத்தியது ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ஃபிலிம். பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைக்கும். தண்ணீரில் ஊறாது, கசங்காது, சவர பிளேடுக்கு நன்றாகப் பணியும். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் போட்டுத் தேய்த்தால் கறுப்பெல்லாம் போய்க் கண்ணாடிபோல் ஆகிவிடும். அதைப் படத்தின்மேல் வைத்துக் கோட்டைப் பிடித்து வெட்டிக்கொள்ளலாம். யாருடைய உடைந்த கையோ கிளியாகும், யாருடைய முழங்காலோ தாமரையாகும். அவசரத்தில் இவன் வெளுக்காமலும் வெட்டுவான்.

பூமாரி அவனை நம்பினாள். "அவுக கலைஞருக்கா, அவுகளுக்கு வேற எதுவும் ஓடாது" என்பாள். கல்யாணமான மறுவருஷம் அவளுக்குக் காசநோய் வந்தது. ஒன்றரை வருஷம் ஊசியும் மாத்திரையும். ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். அவள் புருஷனான கலைஞரோ, ஆஸ்பத்திரி வாசல் வரை வருவார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பார். கடைசி நாளன்று மட்டும் உள்ளே வந்தான், நோய் போய்விட்டது என்று கேள்விப்பட்டபின்.

அன்றைக்கு டாக்டர் ஒரு படத்தைப் பூமாரி கையில் கொடுத்தார். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் படத்தை அவர்கள் வைத்துக்கொள்வதில்லை, நோயாளியிடமே கொடுத்துவிடுவார்கள். "இத பத்திரமா வச்சுக்கம்மா. வலது பக்கம் மேல தெரியுதே வெள்ளையா, அது தழும்பு. ஆயுசுக்கும் போகாது. நாளைக்கு வேற டாக்டர் படம் எடுத்தா நோய் திரும்பிடுச்சுன்னு நினைப்பார். அப்ப இதக் காட்டு. ரெண்டும் ஒண்ணா இருந்தா பயமில்ல" என்றார். வைகுண்டராஜ் பக்கத்தில்தான் நின்றான். ஜன்னல் கம்பிக்கு என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூமாரி அந்தப் படத்தைப் பழுப்பு உறையோடு ட்ரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை வெளியே எடுக்கும்போது, உறையைத் தூசி தட்டித் திரும்ப அதே இடத்தில் வைப்பாள். தாலிக்கு அடுத்தபடி அவள் காத்தது அதைத்தான். பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. தவமணி என்று பெயர் வைத்தோம்.

தவமணி கைக்குழந்தையாக இருந்தபோதுதான் போடியிலிருந்து அந்த வேலை வந்தது. ஏலக்காய் வியாபாரி சுயம்புலிங்கம். அவருடைய பேரன் அம்மா பிறந்த வீட்டில் பிறந்து, முதல்முறையாகப் போடிக்கு வரப்போகிறான். அவனுக்கென்று ஓர் அறை. பேரன் வருகிற வீட்டுக்கு இப்படி ஒரு அறை வேண்டுமென்று அவருக்கு யார் சொன்னார்களோ, பிடித்துக்கொண்டார்.

"ஏலே ஆர்ட்டிஸ்ட்டு, கிளி கொக்கெல்லாம் ஊருக்கே அடிச்சிட்ட. எம் பேரனுக்கு யானைதான். சின்னதா அடிச்சு என்னக் கேவலப்படுத்திராத. பாக்கறவன் வாயப் பொளக்கணும்."

"அண்ணாச்சி, இதுக்குன்னே புதுசா வரையிறேன். வேற எந்த வீட்லயும் வராது."

புதுசாக வரைந்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் பால்வாடியில் எழுத்துப் பழக்குகிற படப் புத்தகம் பெரியதாக ஒன்று இருந்தது. அதில் 'யா'வுக்கு யானை. அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய்விட்டான். அந்த வருஷம் எங்கள் குழந்தைகள் 'ம'விலிருந்து நேராக 'ர'வுக்குப் போனார்கள்.

யானை கிடைத்துவிட்டது, அதை வெட்டுகிற அளவுக்கு ஃபிலிம் கிடைக்கவில்லை. பேப்பர் கடையில் இருந்ததெல்லாம் கையும் காலும், துண்டு துண்டாக. நெஞ்சுப் படம்தான் அந்த அகலத்துக்கு வரும். பெரியகுளம் வரை போய் அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். பேரன் வருகிற நாளும் நெருங்கியது. சுயம்புலிங்கம் ஆள் விட்டுக் கேட்டார். பிறகு திடீரென்று யானை அச்சு தயாராகிவிட்டது. எங்கே கிடைத்தது என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த யானைகளைப் போடிக்குப் போய் நானே பார்த்தேன். அறையைச் சுற்றி வரிசையாக, வாலைத் துதிக்கை தொட. கண்ணுக்கு அச்சில் இடம் விடத் தெரியாததால் எல்லாவற்றுக்கும் பிறகு விரலால் பொட்டு வைத்திருந்தான். ஒன்று கூரையைப் பார்த்தது, ஒன்று தன் வாலையே பார்த்தது, ஒன்றுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். சுயம்புலிங்கம் வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். மெட்ராஸில்கூட இப்படி இல்லை என்றார். அவர் மெட்ராஸுக்குப் போனதில்லை. பேரன் அந்த அறையில் ஒரு நாளும் படுக்கவில்லை, டிஸ்டெம்பர் வாடை குழந்தைக்கு ஆகாதாம். கொஞ்ச நாளில் ஏலக்காய் மூட்டைகளை அங்கே அடுக்கினார்கள். மூட்டைக்கு மேலே யானை முதுகுகள் மட்டும் தெரிந்தன.

மார்கழிப் பனியில் பூமாரிக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல்தான், ஆனாலும் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் சளியைப் பார்த்தார், படம் எடுத்தார்.

"சளியில கிருமி இல்ல. ஆனா படத்துல வலது பக்கம் கறை இருக்கு. இது பழைய தழும்பா, நோய் திரும்புதான்னு இத மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. கைக்குழந்தை வேற வச்சிருக்கீங்க. பழைய படம் இருந்தா கொண்டாங்க. ஒத்துப்போச்சுன்னா இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். இல்லன்னா வார்டுல சேரணும், குழந்தைய விட்டுட்டு. சில மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

பூமாரிக்குப் போன உயிர் வந்தது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். "நல்லவேளக்கா, அந்த டாக்டரய்யா சொல்லிவச்சாக. எடுத்துக் கொண்டாந்து காட்டுனா முடிஞ்சுச்சு" என்றாள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். புடவைக்கு அடியில் உறை அப்படியே விறைப்பாக இருந்தது. உள்ளே கையை விட்டு இழுத்தாள். காலண்டர் அட்டை வந்தது. படத்தின் அளவுக்கே, ஓரம் பிசகாமல் வெட்டி வைத்திருந்தான். அவன் செய்த வேலைகளில் நேர்த்தியாக இருந்தது அது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து அவனே உள்ளே வந்தான். உறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"படம் எங்கடா?" என்றேன். தங்கை புருஷனை டா போட்டது அன்றுதான்.

"கோவப்படாதீக மதினி. அதுல படம்னு என்ன இருந்துச்சு? பொகையாட்டம் இருந்துச்சு. சும்மாதான கெடந்துச்சு."

"யானைக்கு வெட்டி எடுத்த துண்டு?"

"அத வீணாக்குவானேன்னு, சோடாவுல வெளுத்து நாலு பூ வெட்டினேன்."

சிக்கனக்காரன். பூமாரி கத்தவில்லை, அழவில்லை. அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "தெரிஞ்சுதானக்கா செஞ்சிருக்காக? அட்ட வெட்டி வச்சிருக்காகள்ல."

அவன் பையிலிருந்து யானையையும் பூக்களையும் பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பூக்கள் கண்ணாடியாக இருந்தன, அவற்றில் ஒன்றுமில்லை. டாக்டர் யானையை விளக்குப் பெட்டியில் மாட்டினார். வெளுக்காத ஃபிலிம். இரண்டு ஓரத்திலும் விலா எலும்பின் நுனிகள், மேலே தோள்பட்டை, ரோஸ் கலர் டிஸ்டெம்பர் திட்டுகள். நடுவில் யானை அளவுக்கு வெறும் வெளிச்சம்.

"என்னம்மா இது?"

"யானை சார்" என்றேன்.

"அது தெரியுது. கறை இருந்த இடம் எங்க?"

பூமாரி விரலை வைத்துக் காட்டினாள். யானையின் முதுகு.

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, சீட்டை எடுத்து எழுதினார். அன்றே வார்டில் சேர்த்தார்கள். தவமணியை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். முதல் சில நாள் புட்டிப்பாலைத் துப்பித் துப்பி அழுதது. அங்கே பூமாரி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பாலைப் பீய்ச்சிக் கழுவிவிட்டாள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். எனக்கு அவனைக் கொன்றுபோடத் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது. அவனோ டீக்கடையில் உட்கார்ந்து, சம்சாரம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கலை வரமாட்டேன் என்கிறது என்று சொல்லி ஓசி டீ குடித்தான். ஆனால் யானை அச்சைத் திரும்பக் கேட்டு வாங்கிப் போக மறக்கவில்லை. அண்ணாச்சி வீட்டைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டில் கேட்டிருந்தார்களாம். வேறு எந்த வீட்டிலும் வராது என்ற யானை.

கோடை முடிந்து, ஆடிக் காற்று அடிக்கிற சமயத்தில் டாக்டர் மறுபடி படம் எடுத்தார். மார்கழியில் எடுத்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கறை அப்படியே இருந்தது, கூடவுமில்லை குறையவுமில்லை.

"தழும்புதாம்மா. நோய் திரும்பவே இல்ல" என்றார். புதுப் படத்தைக் கையில் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால், அவளை வரவேற்கச் சுவர் முழுக்க யானை அடித்து வைத்திருந்தான். மூலையில் கையெழுத்து. "தவமணிக்காக" என்றான், பாராட்டை எதிர்பார்த்து நின்றான். பூமாரி சுவர்கிட்டே போனாள். ஒரு யானையின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கையிலிருந்த படத்தை என்னிடம் நீட்டினாள்.

"இது ஒன் வீட்லயே இருக்கட்டும்க்கா."

தவமணி அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பூமாரி கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். நாளடைவில் குழந்தை அவளிடம் ஒட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் நான் கூப்பிடுவதைக் கேட்டுப் பழகி, பெற்றவளைப் பூமாரி என்றுதான் கூப்பிட்டது. என்னைத்தான் அம்மா என்றது. இப்போது பால்வாடிக்கு வருகிற வயசு, இன்னும் அப்படித்தான். பூமாரி திருத்துவதில்லை, "என்னத்தா?" என்று கேட்டுக்கொண்டே போவாள். அப்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன வாரம் வைகுண்டராஜ் பால்வாடி வாசலில் வந்து நின்றான். காதில் பென்சில் இருந்தது. குழந்தைகளுக்குக் கோதுமைச் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மதினி, யானை கிழிஞ்சுபோச்சு. தும்பிக்கைகிட்ட விட்டுப்போச்சு. உத்தமபாளையத்துல ஒரு பெரிய வீட்டு வேல வந்திருக்கு."

"அதுக்கு?"

"பூமாரி படம் ஒங்க பீரோவுல சும்மாதான கெடக்கு?"